கோராவின் உயரத்தில் ஒரு முக்காலி

மூன்று கால்களும் மூன்று குழிகளிலும் போய் உட்கார்ந்துவிட்டன.

கோரா கையை எடுத்துக்கொண்டாள். துப்பாக்கியைத் தாங்குகிற அந்த முக்காலி அசையவில்லை. ஒரு விரல் அகலமாவது விலகி நிற்கும், அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இறங்கிவிடலாம் என்றுதான் அதைத் தோளில் போட்டுக்கொண்டு இந்த மேட்டுக்கு ஏறி வந்திருந்தாள். விலகவில்லை. முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. பழகின செருப்புக்குள் கால் நுழைகிற மாதிரி நுழைந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் தான் செய்து வைத்திருக்கிற காரியம் உறைத்தது. அந்த மேட்டு மண் சாம்பல் நிறக் களி. நனைந்தால் பசை, காய்ந்தால் சிமென்ட். ஞாயிற்றுக்கிழமை மழை ஈரத்தில் யாரோ ஊன்றிய முக்காலியின் தடம் அச்சு வார்த்தது போல இறுகிக் கிடந்தது. நேற்றுத் தூறியதில் மேல்பூச்சு மட்டும் மறுபடி இளகியிருக்கிறது. இப்போது அவளுடைய முக்காலியின் மூன்று ரப்பர் பாதங்களிலும் அந்தக் களி அப்பிக்கொண்டிருந்தது. ‘சும்மா வச்சுப் பார்த்தேன்’ என்று சொன்னால் எந்த மடையன் நம்புவான்?

கீழே வண்டிச் சத்தம் கேட்டது.

செத்தது ஒரு குதிரை. பக்கத்துப் பண்ணை மெரில் ஸ்டோப்ஸ் தன் கையாலேயே வளர்த்த செவலைப் பெண் குதிரை. ஞாயிறு சாயங்காலம் தன் மேய்ச்சல் நிலத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தது, அப்படியே விழுந்தது. ஒரே குண்டு. இந்த மேட்டிலிருந்து பார்த்தால் அந்த நிலத்தில் நிற்கிற குதிரை எறும்புதான். படுத்துச் சுட முடியாது, சேஜ் புதர் மறைக்கும். நின்று சுட்டால் வயோமிங் காற்று விடாது. முக்காலியை ஊன்றி, துப்பாக்கியை அதன் கவ்வியில் இறுக்கி, தரையில் உட்கார்ந்து, மூச்சை அடக்கிச் சுட்டால்தான் உண்டு. அப்படிச் சுடத் தெரிந்தவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை பேர் என்று கேட்டால், முதலில் வாயில் வருவது இவர்கள் வீடுதான். அப்பா, அண்ணன் வேட், அப்புறம் போன கோடையில் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப் போட்டியில் கோப்பை வாங்கிய கோரா.

காரணமும் இவர்கள் வீட்டில்தான் இருந்தது. ஜூலையில் ஸ்டோப்ஸ் மதகைப் பூட்டிவிட்டார். வாய்க்காலில் முதல் உரிமை தன்னுடையது என்றார். இவர்களுடைய வைக்கோல் நிலம் காய்ந்து போனது. அன்றிலிருந்து அப்பா அவர் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார்.

மேட்டில் முக்காலித் தடம் கிடைத்திருக்கிறது என்று இன்று காலை கடைத்தெருவில் கேட்டுவந்து வேட்தான் சொன்னான். அப்பா காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை போடாத காபி.

கோரா அவசரமாகக் கால்களை மடக்குவதற்குள் வண்டி மேலே வந்துவிட்டது. ஷெரிஃப் அலுவலகத்து ஆர்லன் பைக் இறங்கினார். அப்பாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். கனத்த உடம்பு, மெதுவான நடை. அவர் காலையில் நட்டுவைத்த ஆரஞ்சு ரிப்பன் குச்சிகளுக்கு நடுவில்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

“என்னம்மா கோரா, இந்தப் பக்கம்?”

“கன்னுக்குட்டி ரெண்டு வேலி தாண்டிருச்சு சார். தேடுறேன்.”

“முக்காலி வச்சா?”

“பைனாகுலரை இதுமேல வச்சுப் பார்த்தாத்தான் கை ஆடாது.”

அது உண்மைதான். பைனாகுலரைத்தான் அவள் கொண்டுவரவில்லை. அவர் அவளுடைய வெறும் கழுத்தைப் பார்த்தார். குழிகளுக்குப் பக்கத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குந்தினார். தன் காலத்தில் முன்னால் ஒரு மூட்டையைப் போட்டோ வேலிக் கம்பில் சாய்ந்தோ சுட்டதோடு சரி, இந்தச் சாமானெல்லாம் தனக்கு விளங்குவதில்லை, இதை எப்படி நிறுத்துவார்கள், கொஞ்சம் சொல்லிக்கொடேன் என்றார். தெரியாமல் கேட்கிறாரா, தெரிந்துகொண்டே கேட்கிறாரா என்று கோராவுக்குப் புரியவில்லை. தடித்த பகுதியை முதலில் இழுக்க வேண்டும், மெல்லிய கடைசிப் பகுதியைக் கூடியவரை தொடக்கூடாது, பூட்டை முறுக்கிவிட்டு மேலே கையை ஊன்றி உடம்புப் பாரத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும், இறங்கினால் மறுபடி முறுக்க வேண்டும் என்று பொதுவாக உளறினாள்.

“எந்தக் கால் எங்க நிக்கணும்?”

“அது ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி சார்.”

“உங்கப்பனும் இதையேதான் சொன்னான்.” எழுந்திருக்க அவருக்குச் சிரமமாக இருந்தது. “அப்புறம் சொன்னான், கோராவைக் கேளு, அவளுக்குத்தான் இதெல்லாம் தெரியும்னு.”

அவள் யாரும் கேட்காமலே சொன்னாள். “அப்பா இந்த மேட்டுக்கு வர்றதே இல்ல சார்.”

சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன பிள்ளையின் கதைதான். ஆர்லன் பைக் தலையை ஆட்டினார். அவருடைய பார்வை அவள் தோளிலிருந்து முக்காலியின் வழியாக இறங்கி அதன் பாதங்களில் வந்து நின்றது.

“இப்பவே இதை நான் வாங்கிட்டுப் போகலாம். அப்பன் பக்கத்துல இல்லாம சின்னப் பிள்ளைகிட்டேருந்து வாங்கினேன்னு நாளைக்கு ஒரு வக்கீல் எந்திரிச்சு நிப்பான். காலையில வீட்டுக்கு வர்றேன். அதுவரைக்கும் அந்தக் காலைக் கழுவாதே.”

கீழே நிறுத்தியிருந்த பிக்கப்பை ஓட்டிக்கொண்டு கோரா வீட்டுக்குத் திரும்பினாள். வேட்தான், வேறு யார், என்று முதலில் நினைத்தாள். ஸ்டோப்ஸை மதுக்கடையில் வைத்துத் திட்டியவன் அவன்தான். அவனுக்குக் கோபம் வந்தால் எதிரில் இருப்பது சுவரா மனுஷனா என்று தெரியாது. ஆனால் முக்காலி ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த முக்காலியை அவளே தேர்ந்தெடுத்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேஸ்பரில் ஒரு கடைக்கு அப்பா இரண்டு பேரையும் கூட்டிப்போயிருந்தார். வேட் உயரமான, இலேசான, நாலு மடிப்புக் கால் உள்ள ஒன்றை எடுத்துக்கொண்டான். மலையேற அதுதான் சரி என்றான். கோரா கடையிலிருந்த ஒவ்வொன்றையும் தரையில் ஊன்றி, மேலே இரண்டு கையாலும் அழுத்தி, தலைப்பகுதியை விரலால் சுண்டிப் பார்த்தாள். அதிர்வு எதில் சீக்கிரம் அடங்குகிறது என்று பார்த்தாள். நடுக்கம்பு வைத்ததை எல்லாம் ஒதுக்கினாள். நடுக்கம்பை உயர்த்தினால் மூன்று கால் இருந்தும் ஒற்றைக்காலில் நிற்கிற கதைதான். கடைசியில் குட்டையான, தொடை மாதிரிக் கால் உள்ள ஒன்றை எடுத்தாள். பால் கறக்கிற முக்காலியை வாங்கிட்டு வந்துட்டா குள்ளி என்று வேட் ஒரு மாதம் சிரித்தான்.

உட்கார்ந்து சுடுவதற்குத் தன் உயரம் எதுவோ அந்த இடத்தில் மூன்று காலிலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு வளையம் போட்டிருந்தாள். பெரிய ஆள்கள் ஒரு காலை முன்னே நீட்டி, இரண்டை இடுப்புக்கு இரண்டு பக்கமும் வைப்பார்கள். அப்பா அதைத்தான் சரி என்பார். துப்பாக்கி உதைக்கும்போது உடம்பு நகராது என்பார். கோராவுக்கு அது ஒத்துவரவில்லை. இரண்டு காலை முன்னே வைத்து, ஒன்றை முழங்கால்களுக்கு நடுவே விட்டு, நெஞ்சால் தள்ளிச் சாய்ந்தால்தான் அவளுடைய சின்ன உடம்புக்குப் பிடி கிடைத்தது. இதை வைத்து அப்பாவும் மகளும் போடாத சண்டை இல்லை.

மேட்டிலிருந்த குழிகளின் இடைவெளி சிவப்பு வளையத்து இடைவெளி. கால் ஒரு மடிப்பு நீண்டிருந்தாலும் குழிகள் தள்ளி விழுந்திருக்கும். வேட் அந்த உயரத்துக்குக் குனிந்தால் முகவாய் அவன் முழங்காலில் முட்டும்.

கொட்டகையில் வண்டியை நிறுத்திவிட்டு முக்காலியை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். காலையில் எடுத்தபோது அதன் பாதங்கள் சுத்தமாக இருந்தது இப்போது ஞாபகம் வந்தது. சுத்தம் என்றால் கழுவித் துடைத்த சுத்தம். இந்த வீட்டில் பூட்ஸைக்கூட யாரும் கழுவுவதில்லை. அப்புறம் கவ்வியைப் பார்த்தாள். துப்பாக்கிக் கட்டையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கிற ரப்பர் தாடைகள். அவள் கடைசியாக விட்டதைவிட அகலமாகத் திறந்திருந்தன. உள்பக்கம் ஒரு பழுப்புத் தீற்றல். தொட்டால் பிசுபிசுத்தது. முகர்ந்தாள்.

ஆளிவிதை எண்ணெய்.

அவளுடைய துப்பாக்கிக்கும் வேட்டுடையதற்கும் உலோகக் கட்டை. எண்ணெய் பூச அதில் ஒன்றுமில்லை. மரக்கட்டை வைத்த துப்பாக்கி வீட்டில் ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அதன் வால்நட் கட்டைக்கு உள்ளங்கையால் எண்ணெய் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுகிறவரும் ஒருவர்தான்.

கோரா முக்காலியைச் சுவரில் சாய்த்தாள். அது வழுக்கிச் சரிந்தது. மறுபடி சாய்த்தாள்.

வேட் கொட்டகையின் அந்தக் கோடியில் வைக்கோல் கட்டும் இயந்திரத்துக்கு அடியில் கிடந்தான். ஆர்லன் பார்த்துவிட்டார், காலில் களி இருக்கிறது என்று அவள் சொன்னதும் கையில் ஸ்பேனரோடு வெளியே ஊர்ந்து வந்தான். அவள் முகத்தையே பார்த்தான். அவன் அப்படிப் பார்ப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

“உண்மையைச் சொல்லு குள்ளி. நீதானே?”

“நானா? எதுக்குண்ணா நான்...”

“உன் கிடேரியை வித்தப்போ என்ன சொன்னே? அந்தாளோட குதிரை செத்தாத்தான் அவனுக்குப் புரியும்னு சாப்பாட்டு மேசையில உக்காந்து சொன்னே.”

சொல்லியிருந்தாள். வைக்கோல் இல்லாமல் கண்காட்சிக்கு வளர்த்த கிடேரியை விற்ற அன்று அழுதுகொண்டே சொன்னாள். அப்பா அப்போது எதிரில்தான் இருந்தார். எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்துவிட்டு வெளியே போனார்.

அப்படியானால் அண்ணனும் தன்னைத்தான் சந்தேகப்படுகிறான். இல்லை, சந்தேகப்படுகிற மாதிரி நடிக்கிறானா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ எங்கே இருந்தாய் என்று கேட்டாள். ஊருக்குள் இருந்தானாம், கேட்க வேண்டுமானால் பத்துப் பேரைக் கேட்டுக்கொள்ளலாமாம். நீ எங்கே இருந்தாய் என்று அவன் திருப்பிக் கேட்டான். அம்மா ஷெரிடனில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். கோரா காய்ச்சல் என்று படுத்திருந்தாள். பார்த்தவர்கள் யாரும் இல்லை. அப்பாதான் ஒரு தடவை கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார். அவள் தூங்குகிறாளா என்று பார்த்தாரா, எழுந்துவிடுவாளா என்று பார்த்தாரா?

கவ்வியில் இருந்த எண்ணெயைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் இவன் போய் அப்பாவிடம் சொல்வான் என்று தோன்றியது. சொந்த அண்ணனைப் பற்றி அப்படித் தோன்றியதே அவளுக்குப் பயமாக இருந்தது.

வேட் குரலைத் தணித்துக்கொண்டான். “பயப்படாதே. அவ்வளவு பெரிய விஷயமில்ல. நீ மைனரு. அபராதம் போடுவாங்க, கொஞ்ச நாள் ரோட்டோரம் குப்பை பொறுக்கச் சொல்லுவாங்க, பதினெட்டு ஆனதும் எல்லாத்தையும் அழிச்சிருவாங்க. இதுவே அப்பாவா இருந்தா வேட்டைக்கு ஆள் கூட்டிட்டுப் போற லைசென்ஸ் போச்சு, ஆயுசுக்கும் துப்பாக்கியைத் தொடமுடியாது. பண்ணையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்.”

“இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?”

“அப்பாதான்.”

“எப்போ?”

வேட் ஸ்பேனரைக் கையில் உருட்டினான். ஏதோ பேச்சுவாக்கில் சொன்னதாம்.

“குதிரை சாகறதுக்கு முன்னாடியா, அப்புறமா?”

“ஞாபகமில்ல கோரா. எதுக்குக் கேக்குற?”

அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

வீட்டுக்குள் அப்பா மான்கறியை உருளைக்கிழங்கோடு வேகவைத்துக்கொண்டிருந்தார். அம்மா இல்லாத வாரங்களில் அவருக்கு வருகிற ஒரே சமையல். கோரா மேல்மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கவ்வியிலிருந்த தீற்றலைச் செல்போனில் படம் எடுத்து வைத்திருக்கலாம் என்று தோன்றியது. எடுத்து யாரிடம் காட்டுவது? ஆர்லனிடம் காட்டினால் அப்பா போனார். காட்டாவிட்டால் பாதத்துக் களிக்கு அவள்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டும் வேண்டாம் என்றால் கவ்வியைத் துடைத்துவிட்டுக் காலையும் கழுவிவிட வேண்டும். கழுவாதே என்றவரிடம் கழுவிய காலைக் காட்டினால் அதற்கு என்ன அர்த்தம் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். எப்படி யோசித்தாலும் கீழே போய்க் கவ்வியை இன்னொரு தடவை பார்த்தால்தான் மனசு நிற்கும் போலிருந்தது. கீழே இறங்கியபோது அப்பா சாப்பிடக் கூப்பிட்டார்.

மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்தார்கள். கறியில் நல்ல துண்டை எடுத்து அப்பா அவள் தட்டில் வைத்தார். காய்ச்சல் விட்டுவிட்டதா என்று புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அடுத்த மாதம் கோடி நகரத்தில் நடக்கப்போகிற போட்டியைப் பற்றிப் பேசினார். அங்கே காற்று எப்போதும் இடமிருந்து அடிக்கும், மத்தியானத்துக்குள் சுட்டு முடித்துவிட வேண்டும் என்றார். சாதாரணமான பேச்சு. ரொம்பச் சாதாரணமாக இருந்தது. வேட் தலையைத் தூக்காமல் தின்றான்.

சாப்பாட்டின் நடுவில் அப்பா சொன்னார். “ஆர்லன் போன் பண்ணினான். காலையில வர்றானாம்.”

கோரா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

“உன் முக்காலியை உள்ள கொண்டுவந்து வச்சிருக்கேன். கவ்வி பிசுபிசுன்னு கிடந்துச்சு, அதைத் துடைச்சுட்டேன். காலைத் தொடலை. தொடக்கூடாதுன்னு அவன் சொன்னானாமே.”

வாசல் கதவுக்குப் பக்கத்தில் முக்காலி நின்றுகொண்டிருந்தது. தாடைகள் இரண்டும் கடையிலிருந்து வந்த அன்று போலக் கறுப்பாக மின்னின. பாதங்களில் களி காய்ந்து வெளுத்திருந்தது.

கேட்டுவிடலாம் என்று அவள் வாயைத் திறந்தாள். நீங்கதானேப்பா என்று. அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் கோபம் இல்லை. கெஞ்சல் இருந்த மாதிரி இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

“நீ ஒண்ணும் ஜோடிக்க வேண்டாம்மா. தெரிஞ்சதைச் சொல்லு, போதும். நான் பக்கத்துலயே இருப்பேன்.”

அவளுக்கு என்ன தெரியும்? அப்பாவுக்குச் சொந்தமாக முக்காலி கிடையாது. தோள்பையை மடியில் வைத்துச் சுடுகிற பழைய ஆள். ஆனால் பின்பக்கத்து நிலத்தில் பயிற்சி நடக்கும்போதெல்லாம் அவள் இரும்புக் குறித்தட்டை மாட்டிவிட்டு நடந்து திரும்புவதற்குள் அவளுடைய முக்காலியை நிறுத்தி வைப்பது அவர்தான். வாதத்தில் விட்டுக்கொடுக்காதவர், நிறுத்தும்போது மட்டும் அவள் இஷ்டப்படியே முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று வைப்பார். சிவப்பு வளையத்தைக் குனிந்துகூடப் பார்க்க மாட்டார். இழுக்கிற கை அந்த இடத்தில் தானே நின்றுவிடும். அவருக்குத் தெரிந்த முக்காலி அது ஒன்றுதான், அது ஓர் உயரத்தில்தான் நிற்கும்.

ஆனாலும் அந்த உயரத்தில் உட்கார்ந்தால் அவருடைய கழுத்து நெஞ்சுக்குள் போய்விடும். ஸ்கோப்புக்குக் கண் எட்டாது. அவ்வளவு தூரத்துக் குதிரையைக் குறிவைக்கிற மனுஷன் காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்க மாட்டாரா? அவளை மாட்டிவிடுவதுதான் எண்ணமென்றால் அன்றைக்கே பாதங்களைக் கழுவி வைத்தது ஏன்? அவளுக்காகத்தான் சுட்டார் என்றால் கவ்வியை மட்டும் துடைத்தது எதற்கு?

அப்பா ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தார். தடித்த, நகம் கறுத்த விரல்கள். அவற்றிலிருந்து ஆளிவிதை எண்ணெய் வாசனை வந்தது, அல்லது அவளுக்கு மட்டும் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஈர மேட்டில், சிவப்பு வளையம் வரை காலை இழுத்து நிறுத்தியபோது அந்தக் கை பழக்கத்தில் நின்றதா, யோசித்து நின்றதா?